பின்சீட்டுக் கிளி

அந்தப் பக்கத்தில் காரோட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். ஒரே ஒரு கார், அதன் தலையில் சிவப்பு எழுத்துப் பலகை, வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சாலைக் குறிகள் அச்சடித்த பெரிய படம். இவ்வளவுதான் அவளுடைய டிரைவிங் ஸ்கூல். வாசலில் மாட்டியிருந்த போர்டில் ஸ்கூலின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ‘பொறுமையாகக் கற்றுத் தரப்படும்’ என்று எழுதி வைத்திருந்தாள். சும்மா விளம்பரத்துக்காக எழுதியதில்லை. மனதார நம்பித்தான் எழுதினாள்.

“பதினேழு வருஷமா கத்துக் குடுக்கிறேன். இதுவரைக்கும் ஒருத்தரை ஒரு வார்த்தை அதட்டினது கிடையாது” என்று, சேர வருகிறவர்களிடம் சொல்வாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் உள்ளறையில் இருக்கும் கணவருக்கு இருமல் வந்துவிடும். அவர் லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் வெளியே நின்று பேசிப் பேசி, எந்த நேரத்தில் எதைச் சொல்லக் கூடாது என்பதை நன்றாகக் கற்று வைத்திருந்தார்.

கிளி அந்த வீட்டுக்கு வந்தது ஒரு நன்றிக்கடனாக. பறவைகளை வளர்த்து விற்கும் ஒரு பெண் டீச்சரிடம் கற்றுக்கொண்டு முதல் டெஸ்டிலேயே தேறிவிட்டாள். மறுநாள் காலையில் ஒரு ஷூ டப்பாவோடு வந்து நின்றாள். திறந்து பார்த்தால் பாதி இறகும் பாதி முள்ளுமாக, தலை பெரிதாக, கழுத்து நிற்காமல், பார்க்க அவ்வளவு அழகில்லாத ஒரு குஞ்சு.

“அஞ்சு வாரம் ஆச்சு டீச்சர். இறக்கை முளைச்சிட்டா அம்சமா இருக்கும், பாருங்க. நல்லாப் பேசுற ஜாதி. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாவைக் கரைச்சு ஸ்பூன்ல ஊட்டினா போதும்.”

“மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவையா?” என்றாள் டீச்சர். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் அதற்குள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, முளைத்துவரும் பச்சை நிறத்தைப் பார்த்து ‘பிஸ்தா’ என்று பெயரும் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு எந்த உயிரையும் திருப்பி அனுப்ப முடியாது.

மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். கணவர் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் லிப்ட் கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். பகலில் ஊட்ட ஆள் இல்லை. ஆகவே பிஸ்தா காரில் ஏறியது. பின்சீட்டின் நடுவில் ஷூ டப்பா, டப்பாவைச் சுற்றி சீட் பெல்ட், பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுகிற இடைவெளியில் டீச்சர் பின்னால் திரும்பி ஸ்பூனால் ஊட்டிவிடுவாள். கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி அது விழுங்குவதைப் பார்க்க, கற்றுக்கொள்ள வந்தவர்கள் பத்து நிமிடம் முன்னதாகவே வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வருகிறவர்களில் முதல் ஆள் பல் டாக்டர். ஐம்பத்திரண்டு வயது, தங்கமான மனுஷர், எறும்பைக்கூட நகரச் சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பார். இத்தனை வருடமும் அவரை க்ளினிக்கில் கொண்டுவிட்டுக் கூட்டிப்போனது அவருடைய மனைவி. ஒருநாள் அந்த அம்மாள் கார்ச் சாவியை மேசைமேல் வைத்து, “இனிமே நான் உங்க டிரைவர் இல்லை” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டாக்டர் கற்றுக்கொள்கிறார். மூன்று தடவை டெஸ்டில் கோட்டை விட்டிருந்தார். முதல் தடவை கம்பத்தில் இடித்தார். இரண்டாம் தடவை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது பின்னாலேயே போனார். மூன்றாவது தடவை, ரோட்டோரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு வழிவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் டாக்டருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அப்போது தன்னையும் அறியாமல், நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியிடம் சொல்வதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்: “ஒண்ணும் வலிக்காது... ஒண்ணும் வலிக்காது...”

இறக்கை முளைத்ததும், சொன்னதுபோலவே பிஸ்தா அம்சமாகத்தான் ஆனது. டப்பா போய்க் கூண்டு வந்தது. காரில் வந்து பழகியதால் அதை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினால் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டு கத்தும். அதனால் கூண்டும் பின்சீட்டிலேயே வந்தது. டீச்சர் இப்போது அதற்குப் பேச்சுப் பாடம் ஆரம்பித்தாள். முன்னறைக்கு வருகிறவர்களை வரவேற்க ஒரு கிளி இருந்தால் ஸ்கூலுக்கு எவ்வளவு கௌரவம்! தினமும் காலையில் காப்பி குடித்ததும் ஒரு ஆப்பிள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டின் எதிரில் உட்காருவாள்.

“வணக்கம், வாங்க. எங்கே, சொல்லு. வணக்கம்... வாங்க...”

இருபது தடவை, இருபத்தைந்து தடவை. தேனொழுகும் குரலில். பிஸ்தா தலையை இந்தப் பக்கம் சாய்க்கும், அந்தப் பக்கம் சாய்க்கும், ஒற்றைக் கண்ணால் அவளை ஆராயும், ஆப்பிளை வாங்கித் தின்றுவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்ளும்.

“உன் பாடத்தை ரொம்பப் பொறுமையாத்தான் கேட்டுக்குது” என்பார் கணவர்.

“அது ஊமைம்மா. நம்மளை ஏமாத்திட்டாங்க” என்பாள் மகள்.

ஊமை இல்லை என்பது ஒரு சனிக்கிழமை தெரிந்தது. வீட்டுக்குள் எங்கோ ‘டிக்-டாக், டிக்-டாக்’ என்று சத்தம். கணவர் சமையலறைக் குழாயை இறுக்கினார்; நிற்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அது பாட்டுக்கு வேறு தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மகள்தான் கண்டுபிடித்தாள். கூண்டுக்குள் பிஸ்தா கண்ணை மூடிக்கொண்டு காரின் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து சீட் பெல்ட் போடாவிட்டால் வரும் ‘பீங் பீங்’கும் வந்தது.

“இன்னும் ஒரு மாசம் போனா பெட்ரோல் கேக்கும்” என்றார் கணவர்.

டீச்சர் அசரவில்லை. சத்தம் வந்தால் சொல்லும் வரும் என்றாள். வரத்தான் செய்தது. ஆனால் வந்த நேரம் இருக்கிறதே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி சேர வந்திருந்தாள். பயந்த சுபாவம் என்று அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்ததிலேயே தெரிந்தது. டீச்சர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்து கொடுத்து, “பயப்படாதீங்க. பதினேழு வருஷமா கத்துக் குடுக்கிறேன், இதுவரைக்கும் ஒருத்தரை...” என்று ஆரம்பித்தாள்.

“பிரேக்கு!” என்று ஓர் அலறல். “பிரேக்கு! பிரேக்கு! ஐயையோ! யோவ், கால எங்கய்யா வச்சிருக்க? பிரேக்கு!”

வந்தவளின் கையிலிருந்து பேனா விழுந்தது. அவளுடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. டீச்சரும் பழக்கதோஷத்தில் மேசைக்கடியில் மிதித்தாள். பிறகு இருவரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். கூண்டுக்குள் பிஸ்தா மார்பைச் சிலிர்த்துக்கொண்டு, இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்ட நிம்மதியில், இறக்கையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தது.

“நான்... வீட்ல கேட்டுட்டு நாளைக்கு வரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போன பெண், போனவள்தான்.

உள்ளேயிருந்து கணவரும் மகளும் வந்தார்கள். மகள் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். கணவர் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு சொல்லிக் குடுத்தது இதுக்கு?” என்றாள் டீச்சர். “பக்கத்து வீட்டு டிவியில கேட்டிருக்கும்.”

“டிவியில யாரும்மா பிரேக்கை மிதிக்கச் சொல்லிக் கத்துறாங்க?”

“அப்ப ரோட்டுல கேட்டிருக்கும். எத்தனை பேர் கத்துறாங்க! நான் இப்படியா பேசுவேன்? அதுவும் ‘யோவ்’னு?”

பிஸ்தா அவளைப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, மிக மென்மையாக, ஆண்குரலில் சொன்னது: “ஒண்ணும் வலிக்காது... ஒண்ணும் வலிக்காது...”

“டாக்டர்!” என்றார்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

மகள் அம்மாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள். வழக்கறிஞர் மாதிரி ஒரு விரலை உயர்த்தினாள். “டாக்டர் குரலை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி சொல்லுது. இல்லையா? அப்ப அதுக்கு முன்னாடி சொன்னதும் யாரோ ஒருத்தரோட குரலாத்தானே இருக்கணும்? டாக்டர் பக்கத்துல உக்காந்திருந்த யாரோ ஒருத்தர்.”

டீச்சர் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். “என்னங்க, நீங்க சொல்லுங்க. உண்மையைச் சொல்லுங்க. நான் கத்துறேனா?”

லிப்ட் மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். மாட்டிக்கொண்ட ஆளிடம் எத்தனையாவது மாடி என்று சொல்வதா வேண்டாமா என்கிற யோசனை.

“நானும் உன்கிட்ட எட்டு நாள் கிளாசுக்கு வந்தவன்தானே. ஒன்பதாவது நாள் வீட்டாரோட வந்து உன்னைப் பொண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதுக்கு என்ன இப்ப?”

“கட்டிக்கிட்டா கிளாசுக்கு வர வேண்டாமேன்னுதான்.”

மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். டீச்சரும் சிரிக்கப் பார்த்தாள், பாதியில் நின்றுவிட்டது. எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நிறுத்தியிருந்த காரில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டாள். “பிரேக்” என்று சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. எதிரில் ஒரு லாரி வருவதாக நினைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். காருக்குள்ளேயே காது அடைத்தது. வெளியே நடந்து போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். பேக்கரி நடத்தும் அம்மாள் கிளாஸ் முழுக்க உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருப்பதும், டாக்டரின் தோள்கள் இரண்டும் காது வரைக்கும் ஏறி நிற்பதும் நினைவுக்கு வந்தன. ரோட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவர்கள் பயந்தது ரோட்டுக்கு இல்லையோ? அந்த எண்ணம் அவளுக்கு நிஜமாகவே வலித்தது. சாயங்காலம் வீட்டுக்குள் வந்தபோது ஒரு முடிவோடுதான் வந்தாள்.

திங்கட்கிழமை முதல் டீச்சர் வாயைத் திறக்கவில்லை.

“நேரா.” “வலது.” “நிறுத்துங்க.” மருந்து எழுதிக் கொடுப்பதுபோல் மூன்றே வார்த்தைகள். ஆபத்து வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக் பெடலைச் சத்தமில்லாமல் மிதித்துவிடுவாள். முன்னறிவிப்பே இல்லாமல் கார் நின்று, ஓட்டுகிறவரின் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். பேக்கரி அம்மாள் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் என்ன தப்பு பண்ணினேன், சொல்லிடுங்க டீச்சர். நாலு வார்த்தை திட்டிடுங்க. நீங்க இப்படிக் கம்முனு வந்தா, எங்கேயோ மோதப் போறோம், சொல்ல மனசில்லாம உக்காந்திருக்கீங்கன்னு தோணுது.”

“இல்லைங்க, நான் பொறுமையா...”

“இதுக்குப் பேரு பொறுமையா? எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை!”

டாக்டரின் கிளாஸ் அதைவிட மோசமாகப் போனது. பக்கத்தில் சத்தமே இல்லாததால் டாக்டரின் பயம் இரட்டித்தது. மார்க்கெட் ரோட்டில், கார்களும் பஸ்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் வழக்கம்போல, “ஒண்ணும் வலிக்காது” என்று முணுமுணுத்தார். அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன வரும் என்பது பின்சீட்டுக் கூண்டில் இருந்த மாணவிக்கு மனப்பாடம். டீச்சர் மறந்துவிட்டாள்போல என்று எண்ணியதோ என்னவோ, தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தது.

“பிரேக்கு! யோவ்! பிரேக்கு!”

டாக்டர் மிதித்தார். பதினைந்து வருடம் ஓட்டியவர் மாதிரி அப்படி ஒரு மிதி. நடுரோட்டில் கார் ஆணியடித்தாற்போல் நின்றது. பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி முனகிக்கொண்டு நின்றது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, காரின் மேலிருந்த பலகையைப் படித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் கும்பிடு போட்டார்.

அன்றோடு பிஸ்தாவின் கார்ப் பயணம் முடிந்தது. கம்பியைக் கடித்தாலும் சரி, கத்தினாலும் சரி, முன்னறையில்தான் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள்.

மறுநாள் டாக்டர் கிளாஸ் நேரத்துக்கு அரைமணி முன்னதாக வீட்டுக்கே வந்தார். முகம் வாடியிருந்தது. இனி வரவில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று டீச்சருக்குப் புரிந்தது. டீ கொண்டுவர உள்ளே போனாள். திரும்பி வந்தபோது டாக்டர் கூண்டின் எதிரில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

“ஒண்ணும் வலிக்காது” என்றது பிஸ்தா, அவர் முகத்துக்கு நேராக. “ஒண்ணும் வலிக்காது... ஒண்ணும் வலிக்காது...”

“யாருங்க இது?” என்றார் டாக்டர்.

“நீங்கதான் டாக்டர்.”

“நானா?” காதைக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிஸ்தா தாராளமாக மறுபடி சொன்னது. டாக்டர் நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. “என்னங்க டீச்சர் இது, வீடு புகுந்து திருட வந்தவன் குழந்தைகிட்ட பேசுற மாதிரி இருக்கு? இந்தக் குரலைக் கேட்டா எனக்கே நம்பிக்கை வரலை. இதை நம்பியா இருபத்தஞ்சு வருஷமா ஜனங்க என்கிட்ட வாயைத் திறந்தாங்க?”

“திறந்தாங்களே.”

“நாற்காலியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் திறந்தாங்க. நாற்காலிக் கைப்பிடியை மூணு தடவை மாத்தியிருக்கேன். துணி கிழிஞ்சு போய்.” நாற்காலியில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஊதிக் குடித்தார். “இது இன்னொரு குரல்லயும் பேசுமே...”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். “அது நான்.”

“தெரியும் டீச்சர்” என்றார் டாக்டர் பணிவாக. “என்னைக் கடைசியா ‘யோவ்’னு கூப்பிட்டது எங்க காலேஜ் வாட்ச்மேன்.”

டீச்சருக்குப் புரையேறியது. டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு இரண்டு பேரும், டீ ஆறிப்போகிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவில் டீச்சர் சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்லை. பத்து நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் இல்லையா, கத்தக் கூடாதுன்னு. கடைவாய்ப் பக்கம் ஏதோ...”

“எங்க, வாயைத் திறங்க” என்றார் டாக்டர். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பழைய அடைப்பு பிளந்திருக்கு. நாளைக்குக் காலையில க்ளினிக் வந்துடுங்க.”

மறுநாள், பதினேழு வருடத்தில் முதல்முறையாக, டீச்சர் ஒரு இருக்கையில் சாய்ந்து உட்கார, அவளிடம் கற்றுக்கொள்ள வந்த டாக்டர் பக்கத்தில், சொல்லிக்கொடுக்கிறவர் இடத்தில் உட்கார்ந்தார். தலைக்குமேல் விளக்கு. வாயோரத்தில் எச்சிலை உறிஞ்சும் குழாய். காலடியில் பெடல் எதுவும் இல்லை. கைகள் தாமாகவே கைப்பிடியைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டன. துணி புதிதாகத்தான் இருந்தது.

டாக்டர் ஊசியை எடுத்தார். “ஒண்ணும்...” என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். முன்னறைக் கூண்டு அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஊசியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டு, சாதாரணமாகப் பேசும் குரலில் சொன்னார்: “வலிக்கும் டீச்சர். மூணு நொடி. நான் எண்ணுறேன். அதுக்கப்புறம் மரத்துப் போயிடும்.”

மருந்துத் தட்டோடு நின்ற நர்ஸ் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு.”

வலித்தது. சொன்னபடி மூன்று நொடிதான் வலித்தது. நான்காவது நொடியில் டீச்சர், தன் கைகள் கைப்பிடியை விட்டுவிட்டு மடியில் கிடப்பதைக் கவனித்தாள். வரப்போவது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறதே! இதை யாரும் தனக்குச் சொல்லித் தரவில்லையே! உடனே அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

“டாஹ்ஹர்” என்றாள், மரத்துப்போன நாக்கோடு. “இஹைத்தான்... நா ரோஹ்ல... பண்ஹணும்!”

“அப்புறம் சொல்லுங்க, அப்புறம்” என்றார் டாக்டர். “இப்ப மெஷின் சத்தம் வரும். பத்து எண்ணிக்கை. நடுவுல தண்ணி பீச்சும்.”

அன்று மத்தியானமே டீச்சர் புது முறையை ஆரம்பித்துவிட்டாள். “நாலு கடை தள்ளி ஒரு சிக்னல் வருது. இப்பவே ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துக்குங்க.” “வலது பக்கம் ஒரு ஸ்கூல் இருக்கு, பிள்ளைங்க ஓடி வரலாம்.” “அந்த சைக்கிள்காரர் திரும்புவார்னு தோணுது. திரும்பலைன்னா நல்லது, திரும்பினா நாம தயார்.” ரோடு முழுவதையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு போனாள். ஒரேயடியாகத் திருந்திவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. வாரத்துக்கு ஒரு தடவை பழைய குரல் அவளையும் மீறிக் கிளம்பிவிடும். உடனே, “மன்னிச்சுக்குங்க” என்பாள். பேக்கரி அம்மாள் மட்டும், “பரவாயில்லை டீச்சர், இப்பத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு” என்றார்.

டாக்டரின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காதிலிருந்து இறங்கின. ஆறாவது வாரம் கழுத்தே தெரிந்தது. நான்காம் முறையாக டெஸ்டுக்குப் பணம் கட்டினார்.

டெஸ்ட் அன்று டீச்சர் மைதானத்துக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஆபீசர் ஏறி உட்கார்ந்தார், கார் கிளம்பியது. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது ஒருமுறை அணைந்துபோனது. டீச்சரின் கால் மண்ணை மிதித்து மிதித்து ஒரு குழியே பறித்துவிட்டது. வாயிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் அவ்வளவு தூரம் கேட்டிருக்காது. இல்லை, கேட்டிருக்கும். டாக்டர் மறுபடி சாவியைத் திருப்பினார். ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் கார் மேடேறி மறைந்தது.

கால் மணி நேரம் கழித்து டாக்டர் ஒரு தாளை ஆட்டிக்கொண்டே வேலிப் பக்கம் ஓடி வந்தார்.

“பாஸ்! பாஸ் டீச்சர்!”

“மேட்டுல அணைஞ்சதுக்கு ஒண்ணும் சொல்லலையா?”

“அதை விடுங்க. பாதி வழியில, ‘யார்கிட்ட பேசிக்கிட்டு வர்றீங்க?’ன்னு கேட்டார் ஆபீசர். நான் பாட்டுக்கு ‘நாலு கடை தள்ளி சிக்னல், வலது பக்கம் ஸ்கூல்’னு சொல்லிக்கிட்டே ஓட்டியிருக்கேன். ‘உங்களுக்குத்தான் சார் சொல்றேன், பயப்படாம இருக்கணும்னு’ அப்படின்னேன். மனுஷன் சிரிச்சுட்டார். முப்பது வருஷத்துல அவர் பயத்தைப் பத்தி யாருமே இப்படி நினைச்சுப் பாக்கலையாம்.”

திரும்பும்போது, தானே ஓட்டுவதாக டாக்டர் பிடிவாதம் பிடித்தார். டீச்சர் முன்கதவைத் திறக்கப் போனாள். “பின்னாடி உக்காருங்க டீச்சர்” என்றார். “முன்னாடி உக்காந்தா உங்க கால் சும்மா இருக்காது.”

அப்படித்தான், பிஸ்தாவின் கூண்டு இருந்த இடத்தில் டீச்சர் உட்கார்ந்து வந்தாள். எதிரே இரண்டு தலைச் சாய்வுகள்; அவற்றுக்கு நடுவில் ஒரு துண்டு ரோடு. இங்கிருந்து பார்த்தால் எல்லாமே பக்கத்தில் வருவதுபோல் இருந்தது. கதவுக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“முன்னாடி ஒரு பள்ளம் டீச்சர்” என்றார் டாக்டர். “குலுங்கும். மூணு நொடி.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். கார் இறங்கியது, ஏறியது, இன்னொரு தடவை இறங்கியது.

“டாக்டர், அஞ்சாச்சு!”

“பள்ளம் கொஞ்சம் பெரிசு டீச்சர்.”

வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். ஓரக்கல்லிலிருந்து ஒரு கெஜம் தள்ளித்தான் நின்றது. இருந்தாலும் நேராக நின்றது. சத்தம் கேட்டுக் கணவர் வந்தார். டாக்டரின் கையைக் குலுக்கி, “லிப்ட்டுல வந்தா இவ்வளவு கஷ்டம் இல்லை பாருங்க” என்றார். மகளும் பிஸ்தாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு மாதமாக பிஸ்தா பகலெல்லாம் முன்னறையில், சாயங்காலமெல்லாம் மகளின் படிப்பு மேசைமேல் என்று பழகியிருந்தது.

“என்ன டாக்டர், ஜெயிச்சுட்டீங்களா? அம்மா கத்தினாங்களா? உண்மையைச் சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள் மகள்.

“உங்கம்மா வாயே திறக்கலை” என்றார் டாக்டர்.

“பிஸ்தா, அம்மா எப்படிக் கத்துவாங்க? டாக்டருக்குச் சொல்லிக் காட்டு. சொல்லு, பிரேக்கு...”

பிஸ்தா தலையைச் சாய்த்து யோசித்தது. பிறகு இதுவரை யாரும் அதனிடம் கேட்டிராத ஒரு குரலில், சலிப்பாக, இழுத்து இழுத்துச் சொன்னது:

“படிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்...”

சொல்லி முடித்த கையோடு, செல்போன் விளையாட்டில் ஆள் தாவித் தாவிக் காசு பொறுக்கும்போது வருகிற அந்த ‘டிங் டிங் டிடிங்’ இசையையும், ஒரு சுருதி பிசகாமல், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டியது.

கணவர் கூரையைப் பார்க்கலாமென்றால் வெளியே கூரை இல்லை, ஆகாயத்தைப் பார்த்தார். டாக்டர் கையிலிருந்த கார்ச் சாவியை ஆராய்ந்தார். மகளின் காது நுனி சிவந்துபோனது.

“அம்மா” என்றாள் மெல்ல. “இதைக் குடுத்த அக்காகிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்மா. பாவம், அவங்களும் தேடுவாங்க.”

டீச்சர் கை நீட்டிக் கிளியைத் தன் விரலில் வாங்கிக்கொண்டாள். அதன் பச்சைத் தலையை ஒரு விரலால் தடவிக் கொடுத்தாள்.

“எதுக்குடி?” என்றாள், தேனொழுகும் குரலில். “இப்பத்தானே பேசவே ஆரம்பிச்சிருக்கு.”